ஓயாத உணவுச் சிந்தை

உணவு எதிரே இருந்தும் உண்ண மறுத்து உடல் தேயும் நோயொன்றினை இலண்டன் வைத்தியர் வில்லியம் கல் 1873ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். பின்னர் அனொரெக்சியா நெர்வோசா எனப் பெயருமிட்டார். நோயாளியின் விருப்பத்தைக் கேளாது வேளை தவறாமல் உணவூட்டுக என்றார் அவர். உற்றார் உறவினர் பராமரிப்புக்குச் சற்றும் தகாதவர் என்பது அவர் துணிபு. இந்நோயினரைப் பிடிவாதக்காரர் என்று பழிப்போர் இன்றும் உளர்.

உண்ண மறுப்போர் நாள் முழுவதும் உணவையே எண்ணுவது ஏன்? இவ்வினாவுக்கு ஒளி தந்தது, இந்நோயைக் கருதாத வேறொரு பரிசோதனையாகும். போர்ப் பட்டினியால் வாடிய மக்களுக்கு மீண்டும் உணவளிக்கும் முறையை அறிய, அன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டாச் சர்வகலாசாலையில் 36 ஆடவரை ஒன்றுகூட்டினார். மனச்சாட்சியின் பேரில் போர் செய்ய மறுத்துத் தாமாக முன்வந்த அவர்கள், உடலும் உள்ளமும் திண்ணியர். அத்தகையோர் 24 வாரம் அரைவயிறு உண்டு, எடையிற் காற்பங்கை இழந்ததும், சமையல் நூல்களை ஆவலோடு படிக்கலாயினர். உணவைக் கனவிற் கண்டனர். சிறிதளவு உணவை நெடுநேரம் வைத்து உண்டனர். வேறெதிலும் சிந்தை செல்லவில்லை. கொழுத்துவிடுவோமோ என்னும் அச்சம் அவர்களிடம் இல்லை. ஆதலின் இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அவ்வோயாத சிந்தையைப் பசி தானே பிறப்பிக்க வல்லது என்பது தெளிவாயிற்று. எடையை மீட்பதை வைத்தியர் முதற்கடனாகக் கொள்வதும் இதனாலேயே.

1987இல் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையார் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் நோயுற்று மூன்றாண்டு கடவாதோர்க்குக் குடும்பத்தாரை உட்படுத்திய சிகிச்சையே மிகுபயன் தந்தது. உணவூட்டும் பொறுப்பு, கல் விலக்கிவைத்த பெற்றோரிடமே திரும்பிற்று.