கடைசி வாங்குக்காக எழுந்தவர்கள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒரு காலத்தில் ஐந்தாம் வகுப்பு முடிந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் படிப்பும் முடிந்தது. பெண்பிள்ளைக்குக் கொழுந்துக் கூடை, பையனுக்குக் கவ்வாத்துக் கத்தி. அதையும் மீறி ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நகரப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்த சில பிள்ளைகளுக்குக் காத்திருந்தது 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சு. களவாகக் குடியேறியவர் என்று குத்தும் 'கள்ளத்தோணி' அதைவிடக் கொடியது. ஏசியவர்களில் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த இளக்காரம் தானாக வந்துவிடாது. பெரியவர்களின் பேச்சும் நாட்டின் சட்டங்களும் அதை ஊட்டி வளர்த்தன.

1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகிகளான துரைமாரிடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கக் கை தேவைப்பட்ட துரைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன அக்கறை இருந்திருக்கும்? ஒரே மண்டபம், எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார் என்றுதான் பல தோட்டங்களில் பாடம் நடந்தது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அரைப்பேருக்கு, அதாவது அரைக் கூலிக்கு நின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. நாட்டின் ஏனைய பிள்ளைகளோடு ஒன்றாக உட்காரும் வாய்ப்பே இவர்களில் பெரும்பாலோருக்கு மறுக்கப்பட்டது.

பிறகு வந்தது, மலையக மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டுதான் மலையக மக்களின் வாக்கில் ஏழு பேர் நாடாளுமன்றம் போயிருந்தார்கள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, தலவாக்கலையில் வென்ற எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் முடிவைத் தள்ளிவைத்தது. வகுப்பில் ஒரு பையனைப் பார்த்து "உன் ஊருக்குப் போ" என்று கத்துவதற்கு அரசாங்கமே துணை நின்றது போலாயிற்று.

இதற்கு எதிர்க்குரல் எழுந்ததும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்துதான். அறுபதுகளில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இளம் ஆசிரியர்களாக இருந்த இர.சிவலிங்கமும் திருச்செந்தூரனும் மாணவரைப் பேச்சுக்கும் நாடகத்துக்கும் எழுத்துக்கும் இழுத்து வந்தார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்ததைச் சொல்லக் கூசிய பிள்ளைகள், அதையே மேடையில் நிமிர்ந்து சொல்லப் பழகினார்கள். சிவலிங்கத்தின் வழிகாட்டலில் மலையக இளைஞர் முன்னணி போன்ற அமைப்புகள் உருவாயின. படித்தவன் நகரத்தோடு கரைந்துபோகாமல், தனக்குப் பின்னால் வரும் பிள்ளைக்காகவும் பேச வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் வேர்விட்டது. மலையகத்தின் நவீன வரலாற்றில் இதற்கு இணையான திருப்பம் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. போட்டிகளில் வென்ற மலையகச் சிறுகதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. ஏச்சு வாங்கியவர்களின் வாழ்க்கை, நாடு படிக்கும் எழுத்தானது.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன; ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. லயத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வகுப்புக்குள் நுழைந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் நிற்பவரே தோட்டத்தவர் என்றான பிறகு, பழைய ஏச்சை உரக்கச் சொல்லும் துணிச்சல் பலருக்குக் குறைந்தது.

ஆனாலும் வதை ஓய்ந்துவிடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1997இல் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கியது. உடைக்காகவும் பேச்சுவழக்குக்காகவும் அப்பா அம்மாவின் தொழிலுக்காகவும் பிள்ளைகளைச் சீண்டுவது இன்றும் நடக்கிறது. பக்கத்தில் இருக்கும் தோழனோ தோழியோ "அவளை விடு" என்று எழுந்து நின்றால், பல நேரம் அது அங்கேயே அடங்கிவிடுகிறது.

அறுபதுகளில் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் மாணவராக இருந்தவர்களுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பாடசாலைகள் அவர்களைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளே எழுதி வைக்க வேண்டும். அடுத்த தவணையிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.