திருக்கோணமலை வானும் சக்தி குறைந்த இலத்திரன்களும்

திருக்கோணமலையின் வரலாற்றை எழுதுவோர் முதற்கண் கடலையே நோக்குவர். இயற்கை அமைத்த ஆழ்துறைமுகம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரை ஈர்த்தமையும், 1957ஆம் ஆண்டு வரை அது பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கியமையும் பலரும் அறிந்தவை. இருபதாம் நூற்றாண்டிலோ இத்துறைமுகப் பகுதி தன் தலைக்கு மேலுள்ள வானையும் பயன்படுத்தலாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்படையின் கம்பியில்லாத் தந்தியும், 1980கள் முதல் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம் திருக்கோணமலைக்கு அண்மையில் நடத்திய அஞ்சல் ஒலிபரப்பு நிலையமும் அவ்வானை நம்பியே செய்திகளைத் தொலைநாடுகளுக்குச் செலுத்தின. அவ்வாறு செல்லும் வானொலி அலையின் விதியை மிகச் சிறிய துகளொன்று நிர்ணயிக்கின்றது. அதுவே சக்தி குறைந்த இலத்திரன்.

1901இல் மார்க்கோனி அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் சைகையை அனுப்பியபோது, நேர்கோட்டிற் செல்லும் அலை வளைந்த பூமியை எங்ஙனம் சுற்றியது என்ற வினா எழுந்தது. மேல்வளியில் மின்கடத்தும் படை ஒன்று உண்டென 1902இல் கெனலியும் ஹெவிசைட்டும் தனித்தனியே கூறினர். 1924இல் அப்பிள்ற்றனும் பார்னெற்றும் அதனைச் சோதனையால் நிறுவினர். சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் வளியின் அணுக்களிலும் மூலக்கூறுகளிலுமிருந்து இலத்திரன்களைப் பிரிப்பதால் அப்படை தோன்றுகின்றது. 1932ஆம் ஆண்டுச் சூரியகிரகணத்தின்போது வட அமெரிக்காவில் நிகழ்ந்த அளவீடுகள், கதிர் மறைய இலத்திரன்களும் விரைந்து குறைவதைக் காட்டின.

ஆங்கே ஒரு புதிர் தோன்றிற்று. நேரேற்றம் கொண்ட அணு ஒன்று இலத்திரனை மீளப் பற்றவேண்டுமாயின், மிகுதிச் சக்தியை ஒளியாக உமிழ்தல் வேண்டும். அதற்குரிய கால அவகாசம் கிட்டுமுன் இலத்திரன் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும். எனவே இம்முறை மிக மந்தமானது. அளவீடுகள் காட்டிய இழப்போ கணிப்பினும் பல்லாயிரம் மடங்கு விரைவாயிருந்தது.

1947இல் பேற்ஸ், மாசி என்னும் அறிஞர் இருவர் இதற்கு விடை பகர்ந்தனர். இலத்திரனைப் பற்றுவது மூலக்கூற்று அயனாயின், ஒளியை உமிழவேண்டிய தேவையில்லை. மூலக்கூறே இரண்டாகப் பிளந்து மிகுதிச் சக்தியைத் தன் துண்டுகளின் இயக்கமாக மாற்றிவிடும். நைத்திரிக்கொட்சைட்டு அயனை எடுத்துக்கொள்வோம். இலத்திரன் அதனுடன் இணையும்போது ஏறத்தாழ 9.3 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி வெளிப்படும். நைதரசனையும் ஒட்சிசனையும் பிரிக்க 6.5 போதும். எஞ்சிய 2.8 அவ்விரு அணுக்களையும் விலக்கி ஓட்டும். இலத்திரன் கொணரும் இயக்கச் சக்தியோ ஒரு இலத்திரன்வோல்ற்றில் பத்திலொரு பங்கு அளவினதே. பிளக்கும் வலிமை மோதலின் வேகத்தால் வருவதன்று. எதிரேற்றங்களின் கவர்ச்சியால் வருவது. இம்முறை அணுவின் நேரடிப் பற்றலினும் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு விரைவானது.

இரவு வானொலியின் இயல்பு இதனாற் புலனாகின்றது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் மூலக்கூற்று அயன்கள் மிகுதி. அந்தி சாய்ந்ததும் அங்குள்ள இலத்திரன்கள் விரைவில் அருகும். 300 கிலோமீற்றர் அளவில் ஒட்சிசன் அணு அயன்களே மிகுதி. அவை முதலில் ஒரு மூலக்கூற்றுடன் தாக்கமுற்று மூலக்கூற்று அயனைத் தோற்றுவித்த பின்னரே இலத்திரன் அதனைப் பிளக்கமுடியும். அங்கு மூலக்கூறுகள் அரிதாகலின் அப்படை இரவிலும் நிலைத்துச் சிற்றலைகளைத் திருப்பி அனுப்புகின்றது. 90 கிலோமீற்றருக்குக் கீழேயோ இலத்திரன்கள் இரவில் ஒட்சிசன் மூலக்கூறுகளுடன் ஒட்டிக்கொள்ள, பகலில் மத்திய அலையை உறிஞ்சிய தடை நீங்குகின்றது. தொலைநிலையங்கள் இரவில் தெளிவாய்க் கேட்பது இதனாலேயே.

ஐரோப்பிய வானில் உருவான இவ்விளக்கம் திருக்கோணமலைக்கு முழுதும் போதியதன்று. இப்பகுதி பூமியின் காந்த மத்திய கோட்டுக்கு அருகில் உள்ளது. இங்கு அந்திக்குப்பின் மேற்படை உயர்த்தப்படும். இலத்திரன் இழப்பு அங்கு மந்தமாகும். படையின் அடிப்புறம் குலைந்து ஒழுங்கற்ற திரள்கள் தோன்றும். அவற்றூடு செல்லும் சைகைகள் நடுங்கும். இதே அகலக்கோட்டிற் கேரளக் கரையிலுள்ள தும்பா, காந்த மத்திய கோட்டுக்கு அண்மையில் இருந்தமையாலேயே தெரிவுசெய்யப்பட்டு, 1963 நவம்பர் 21இல் தன் முதல் ஆய்வு ரொக்கெற்றை ஏவியது.

இவ்வறிவின் பயன் வானொலியோடு முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் கனடாவின் ஷேர்புறூக் பல்கலைக்கழகத்தில் சான்ஷ் குழுவினர், 3 முதல் 20 வரையான இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுடைய இலத்திரன்கள் உயிரணுவின் மரபுப்பொருளான டி.என்.ஏ. இழைகளையும் அறுக்கவல்லன எனக் காட்டினர். புற்றுநோய்க்கான கதிர்ச்சிகிச்சை உடலினுள் இத்தகைய இலத்திரன்களையே பெருந்தொகையாக விடுவிக்கின்றது.

டொய்ச்ச வெல்லவின் நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. இன்று துறைமுகம் புகும் கப்பல்கள் செய்மதிச் சைகைகளால் தம் இடத்தை அறிகின்றன. அச்சைகைகளும் அதே படையூடாகவே வருகின்றன. அந்திநேரக் குலைவு அவற்றையும் தாக்குகின்றது. மார்க்கோனியின் சோதனைக்கும் பேற்ஸ், மாசி ஆகியோரின் விடைக்கும் இடையே 46 ஆண்டுகள் சென்றன. அக்காலமெல்லாம் வானைப் பயன்படுத்தியோர் பலர். அதன் காரணத்தை வினவியோர் சிலரே. காந்த மத்திய கோட்டின் அருகே வாழும் மாணவர்க்கு அவ்வினா பிறநாட்டுப் பாடம் அன்று. தம் ஊர் வானைப் பற்றியதேயாகும்.