பால் காசும் பலூனும்

2011, ஜூன் 24. வெள்ளிக்கிழமை ராத்திரி. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், பில்டன் கிராமத்தை ஒட்டிய ஒரு மாட்டுப் பண்ணை. மழை கொட்டுகிறது. தரையெல்லாம் சேறு. பிளாஸ்டிக் கோட்டு, ரப்பர் பூட்ஸ் சகிதம் பல்லாயிரம் பேர் நனைந்தபடி நிற்கிறார்கள். பிரமிட் வடிவத்தில் ஒரு மேடை. உலகத்தின் மிகப் பெரிய ராக் கோஷ்டிகளில் ஒன்றான ‘யூ2’ அதில் ஏறுகிறது. பாடகர் போனோ மைக்கைப் பிடிக்கிறார். கூட்டம் அலறுகிறது.

அதே நேரம், கூட்டத்துக்கு நடுவே இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சில இளைஞர்கள் ஒரு ராட்சத பலூனுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட 20 அடி உயரம். கோஷ்டியின் பெயரை வைத்தே வார்த்தை விளையாட்டு விளையாடி, ‘நீங்களும் வரி கட்டலாமே’ என்கிற அர்த்தத்தில் அதில் எழுதியிருந்தது. பலூன் எழுந்து நின்றதுதான் தாமதம்... செக்யூரிட்டி ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். தள்ளுமுள்ளு. பலூனைக் கீழே இழுத்து, காற்றைப் பிடுங்கி, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாட்டுக் கச்சேரியில் வரி எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் கதையே இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போகலாம், வாருங்கள்.

அந்தப் பண்ணைக்காரர் பெயர் மைக்கேல் ஈவிஸ். அப்பா இறந்தபோது இவருக்கு வயது 19. மாடுகளையும் கடனையும் தலையில் கட்டிக்கொண்டு பால் வியாபாரத்தில் இறங்கினார். 1970-ல் பக்கத்து ஊரில் ஒரு பெரிய இசை விழா. ‘லெட் ஜெப்லின்’ வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்த மனுஷருக்கு ஆசை வந்துவிட்டது. நாமும் ஒன்று நடத்தினால் என்ன? அந்த செப்டம்பரிலேயே நடத்தினார். டிக்கெட் ஒரு பவுண்டு. பண்ணைப் பால் இலவசம்! வந்தவர்கள் சுமார் 1,500 பேர்.

முதலில் பேசி வைத்திருந்த ‘கிங்க்ஸ்’ கோஷ்டி கடைசி நேரத்தில் வரவில்லை. பதிலுக்கு மார்க் போலன் வந்தார். சம்பளம் 500 பவுண்டு. ஈவிஸிடம் அவ்வளவு காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? மாசம் 100 பவுண்டு வீதம், பால் விற்ற காசிலிருந்து ஐந்து தவணையாகக் கட்டித் தீர்த்தார்!

இப்படித் தவணையில் பிறந்ததுதான் க்ளாஸ்டன்பரி விழா. 1981-ல் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்காகவே விழா நடத்தி, லாபத்தை அங்கே கொடுத்தார்கள். பிறகு ஆக்ஸ்ஃபாம், கிரீன்பீஸ், வாட்டர்எய்ட் என்று பணம் போனது. அதனால் பெரிய பெரிய பாடகர்கள்கூட மற்ற இடங்களில் வாங்குவதைவிட ரொம்பக் குறைவாக வாங்கிக்கொண்டு இங்கே பாடுவார்கள். நம்ம ஊர் டிசம்பர் சீசனில் பெரிய சபாவின் சாயங்கால ஸ்லாட் கிடைப்பது எப்படியோ, அப்படி ஒரு கௌரவம் இந்த பிரமிட் மேடையின் ராத்திரி ஸ்லாட்.

யூ2-வை 2010-ல், விழாவின் 40-வது வருடத்திலேயே அழைத்திருந்தார்கள். ஆனால், அந்த மே மாசம் போனோவுக்கு முதுகில் பலத்த அடி. ஜெர்மனியின் மியூனிக் நகரில் அவசர ஆபரேஷன். அவர்கள் இடத்தில் ‘கொரில்லாஸ்’ பாடிவிட்டுப் போனார்கள். யூ2 வருவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. அந்த ஒரு வருட இடைவெளியில் உலகம் கொஞ்சம் மாறிவிட்டது. அதுதான் வம்பு.

அயர்லாந்தின் பாங்குகள் கவிழ்ந்து, 2010 நவம்பரில் அந்த நாடு ஐரோப்பிய யூனியனிடமும் சர்வதேச நிதியத்திடமும் கையேந்தியது. மொத்தப் பொட்டலம் 85 பில்லியன் யூரோ. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பென்ஷன் என்று எல்லாவற்றிலும் கத்திரி. பிரிட்டனிலும் அதே கத்திரி. ‘வெட்டாதே, வரி பாக்கியை வசூல் பண்ணு’ என்று கம்பெனிகளின் கடை வாசலில் உட்கார்ந்த இளைஞர்கள் ஒரு பக்கம். அவர்களின் கலைக் கிளைதான் பலூன் கோஷ்டி.

யூ2 என்ன தப்பு செய்தார்கள்? சட்டப்படி, ஒன்றுமில்லை.

இங்கே சார்ல்ஸ் ஹாஹி என்கிற பெரிய மனிதரை அறிமுகப்படுத்த வேண்டும். 1969-ல் அயர்லாந்தின் நிதியமைச்சர். எழுத்தாளர்கள், ஓவியர்கள், இசையமைப்பாளர்கள் தங்கள் சொந்தப் படைப்பில் சம்பாதிக்கும் பணத்துக்கு வருமான வரியே கிடையாது என்று அறிவித்தார். சின்ன, ஏழை நாடு. திறமைசாலிகள் எல்லாம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த காலம். இப்படியாவது தங்கட்டுமே என்ற எண்ணம். தங்கியது மட்டுமில்லை, வெளியிலிருந்தும் வந்தார்கள். ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ எழுதிய ஃப்ரெடரிக் ஃபோர்ஸைத்கூட எழுபதுகளில் சில வருடங்கள் அங்கே குடியிருந்தார்.

டப்ளின் பள்ளிக்கூடத்தில் 1976-ல் ஆரம்பித்த யூ2-வுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது. கச்சேரி டிக்கெட் காசுக்கு இல்லை. பாட்டு எழுதிய ராயல்டிக்கு. பல வருடங்கள் இப்படியே ஓடியது. 2005 டிசம்பர் பட்ஜெட்டில் அரசாங்கம் ஒரு கோடு கிழித்தது: வருஷத்துக்கு இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதித்தால், மேலே உள்ளதற்கு வரி கட்டு.

2006-ல் யூ2 தங்கள் பாட்டு ராயல்டி பிசினஸைத் தூக்கிக்கொண்டு நெதர்லாந்து போய்விட்டார்கள். ராயல்டி பணம் உள்ளே வரலாம், வெளியே போகலாம், நடுவில் அரசாங்கம் அதிகம் கை நீட்டாது என்பது அன்றைய டச்சு ஸ்பெஷாலிட்டி. யூ2 ஒன்றும் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டிஷ் வரிக்குப் பயந்து 1971-ல் ஃபிரான்ஸுக்கே குடிபோன ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ எழுபதுகளிலேயே ஆம்ஸ்டர்டாம் போர்டு மாட்டியவர்கள்.

பி.காம் படித்த காலத்தில் எங்கள் வருமான வரி வாத்தியார் சொல்வார்: ‘வரியை ஏய்ப்பவன் ஜெயிலுக்குப் போவான். வரியைத் தவிர்ப்பவன் ஆடிட்டருக்கு ஃபீஸ் கட்டுவான்.’ முப்பதுகளில் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் தோட்டக்காரருக்குச் சம்பளம் என்று கொடுக்காமல், வருஷாந்திரத் தொகை என்று பத்திரம் எழுதிக் கொடுத்து வரியைக் குறைத்தார். வழக்கு உச்சிவரை போனது. ஜெயித்தது பிரபுதான். ‘சட்டத்துக்குள் சாமர்த்தியம் குற்றமில்லை’ என்பதற்கு அதைத்தான் இன்றைக்கும் வகுப்பில் சொல்கிறார்கள்.

அப்புறம் ஏன் யூ2-வை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்? போனோதான் காரணம்.

1985 லைவ் எய்ட் மேடையிலிருந்தே, ஆப்பிரிக்காவின் பசிக்காகக் குரல் கொடுத்தவர் அவர். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஜனாதிபதிகளையும் போப்பையும் சந்தித்தவர். அதில் நிஜமாகவே பலன் கிடைத்தது. அதைக் கேலி பேசுவது நியாயமில்லை. பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 சதவிகிதத்தை ஏழை நாடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற இயக்கத்தில் முன்னால் நின்றவர். சரி, அந்த 0.7 எங்கிருந்து வரும்? டப்ளினில் பஸ் ஓட்டுகிறவர், நர்ஸ் கட்டும் வரியிலிருந்து! அவர்களிடம் ‘இன்னும் கொடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டே, தன் ராயல்டியை மட்டும் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பலாமா? 2009-லேயே இதை உரக்கக் கேட்டது யார் தெரியுமா? ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்காகப் போராடிய அயர்லாந்து அமைப்பு. அதாவது, போனோவின் சொந்தக் கட்சிக்காரர்கள்!

கோஷ்டியின் மேனேஜரிடம் பதில் ரெடியாக இருந்தது. எங்கள் வியாபாரத்தில் 95 சதவிகிதம் அயர்லாந்துக்கு வெளியே நடக்கிறது. உலகம் பூராவும் வரி கட்டுகிறோம் என்றார். பின்னாளில் போனோவும் சொன்னார்: அயர்லாந்தே குறைந்த வரியைக் காட்டித்தானே கம்பெனிகளைக் கூப்பிட்டு முன்னேறியது? நாங்கள் செய்தால் மட்டும் தப்பா?

நியாயமாகத்தான் தெரிகிறது. கம்பெனி லாபத்துக்கு 12.5 சதவிகித வரி என்று அயர்லாந்து கடை விரித்தது உண்மை. ஆப்பிள் கம்பெனி அங்கே கட்டாமல் விட்ட 13 பில்லியன் யூரோவை வசூலிக்க வேண்டும் என்று 2024-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னபோது, அந்தப் பணம் வேண்டாம் என்று அதுவரை ஆப்பிள் பக்கம் நின்று வாதாடியதே அயர்லாந்து அரசாங்கம்தான்! ஆனால், ஒரு இடறல் இருக்கிறது. கம்பெனிகள் யாரும் மேடையேறி, ‘உங்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்’ என்று கேட்கவில்லை.

ஆக, அந்த மேடையில் யூ2 பாடியிருக்கலாமா, கூடாதா? என்னைக் கேட்டால், தாராளமாகப் பாடலாம். ஆடிட்டர் சர்ட்டிஃபிகேட் பார்த்துத்தான் மேடையேற்றுவேன் என்றால், ராக் இசையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போது யூ2 நடத்திக்கொண்டிருந்த உலக டூரில், 2009 முதல் 2011 வரை 110 கச்சேரிகளில் 70 லட்சம் டிக்கெட், 73 கோடி டாலருக்கு மேல் வசூல். அதை விட்டுவிட்டு மழையில் வந்து, குறைந்த சம்பளத்துக்குப் பாடினார்கள். அதுவும் கணக்கில் வர வேண்டும்.

எனக்கு உறுத்துவது பலூன்தான். அணுகுண்டை எதிர்த்து விழா நடத்திய பண்ணையில் ஒரு ரப்பர் பைக்கு இடம் இல்லையா? யாரையும் மறைக்கிறது, ஆபத்து என்று சொல்லலாம். இரண்டு பாட்டு நேரம் ஓரமாகவாவது நிற்க விட்டிருக்கலாமே. போனோ அதைப் பார்த்து ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால், அது அந்த ராத்திரியின் நல்ல பாட்டைவிட நினைவில் நின்றிருக்கும். மேடையிலிருந்து அரசாங்கங்களைக் கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர் அவர். கீழேயிருந்து ஒரு கேள்வி வந்தபோது, பதில் சொன்னது செக்யூரிட்டி.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து, கலைஞர்களின் சலுகை வரம்பை 2011-ல் 40 ஆயிரம் யூரோவாகக் குறைத்தது. 2015-ல் 50 ஆயிரம் ஆனது. நெதர்லாந்து, வரி குறைந்த நாடுகளுக்குப் போகும் ராயல்டிக்கு 2021-லிருந்து வரி பிடிக்கத் தொடங்கியது. யூ2, ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டு, 2019 டிசம்பரில் மும்பையில் வந்து பாடிவிட்டுப் போனார்கள். க்ளாஸ்டன்பரியின் அதே மேடையில் 2013-ல் பாடியது யார் என்கிறீர்கள்? ரோலிங் ஸ்டோன்ஸ்!

சலுகையைக் கொடுத்த ஹாஹி? பிரதமராகி, பிறகு விசாரணைக் கமிஷனில் மாட்டிக்கொண்டார். வியாபாரிகளிடமிருந்து பல வருடங்களாக அவருக்கு வந்த ரகசியப் பணம் 90 லட்சம் ஐரிஷ் பவுண்டுக்கு மேல் என்று கமிஷன் சொன்னது. அதற்கு அவர் வரியே கட்டவில்லை. 2003-ல் வரி இலாகாவோடு 50 லட்சம் யூரோவுக்கு ராசியாகி, டப்ளினுக்கு வெளியே இருந்த மாளிகையை விற்றார். 2006 ஜூனில் காலமானார், யூ2-வின் ராயல்டி ஆம்ஸ்டர்டாமுக்கு மூட்டை கட்டிய அதே வருஷம்.

மார்க் போலனின் 500 பவுண்டை மட்டும் ஈவிஸ் பாக்கி வைக்கவில்லை.