டர்பன் பஸ் டிரைவரின் மகள்

சென்ற வாரம் சீனிவாச சாஸ்திரியை டர்பன் நகரில் நிறுத்திவிட்டு வந்தோம். 1927 முதல் 1929 வரை இந்திய அரசின் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த அவர், அங்கிருந்த இந்தியப் பிள்ளைகளுக்காக முன்னின்று எழுப்பிய உயர்நிலைப் பள்ளிதான் சாஸ்திரி கல்லூரி. மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியில் அவர் ஆற்றிய ராமாயணச் சொற்பொழிவுகளை இன்றும் சிலாகிப்பவர்கள் உண்டு. டர்பன் பள்ளியைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி 1936-இல் வெள்ளையரல்லாதாருக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோது வகுப்புகள் நடந்தது அந்தக் கட்டடத்தில்தான். பின்னாளில் அந்தப் பிரிவில் சட்டம் படித்த ஒரு தமிழ்ப் பெண்தான் இந்த வார நாயகி: நவநீதம் பிள்ளை. உலகம் அவரை நவி பிள்ளை என்று அழைக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது ‘ட்ரூரோ’ என்ற கப்பல். கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளின் வரலாறு அங்கே தொடங்கியது. அப்படிப் போன சமூகத்தில், டர்பனின் கிளேர்வுட் பகுதியில் 1941 செப்டம்பர் 23-இல் பிறந்தார் நவநீதம். அப்பா பஸ் டிரைவர். மாதச் சம்பளம் 5 பவுண்டு. ஆறு வயதில் அந்தப் பணத்தை எடுத்துச் சென்றபோது ஒருவன் பறித்துக்கொண்டான். சிறுமி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. பணம் மட்டும் வீட்டுக்குத் திரும்பவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் என்ன தருகிறது என்ற கேள்வி அவருக்குள் விழுந்தது அன்றுதான்.

ஊர்க்காரர்கள் வசூல் செய்து கொடுத்த பணத்தில் படித்தார். 1963-இல் பி.ஏ., 1965-இல் சட்டப் பட்டம். வெள்ளையரல்லாத பெண்ணுக்கு எந்த அலுவலகமும் வேலை தரத் தயாராக இல்லை. 1967-இல் தானே அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் அப்படித் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர்தான். 1971-இல் அவருடைய கணவர் கேபி பிள்ளையை இனவெறி அரசின் போலீஸ் பிடித்துச் சென்றது. அவரை விசாரணையில் வதைக்கக் கூடாது என்று நவநீதம் நீதிமன்றம் போனார். 1973-இல் இன்னொரு வழக்கு: மண்டேலா உள்ளிட்ட ராபன் தீவுக் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை அதில் கிடைத்தது.

இனவெறி ஆட்சி முடிந்தபின், 1995-இல் மண்டேலா அவரை உயர் நீதிமன்றத்தில் அமர்த்தினார். இருபத்தெட்டு ஆண்டு வழக்காடியும், நிறத்தின் காரணமாக, நீதிபதியின் அறைக்குள் அவர் காலடி வைத்ததில்லை. முதன்முதலாக நுழைந்த நீதிபதி அறை அவருடைய சொந்த அறை.

அதே ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை அவரை ருவாண்டா சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயத்துக்குத் தேர்ந்தெடுத்தது. 1994-இல் சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட நாடு ருவாண்டா. தீர்ப்பாயம் அமர்ந்தது தான்சானியாவின் அருஷா நகரில். முதல் சில ஆண்டுகள் அங்கே இருந்த ஒரே பெண் நீதிபதி நவி பிள்ளை.

டாபா என்ற ஊரின் மேயர் அகாயேசு மீதான வழக்கில், முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற பேச்சே இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை மெல்லச் சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளை மேலும் கேட்டார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-இல் வந்த தீர்ப்பு, இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலைதான் என்றது அது. போர் என்றால் பெண்களுக்கு இப்படித்தான் நடக்கும் என்று உலகம் காலங்காலமாகச் சகித்து வந்த ஒன்று, அன்று சர்வதேச நீதிமன்றத்தில் குற்றமாக எண்ணப்பட்டது.

2003 டிசம்பரில் அவர் தலைமையில் வந்த ‘ஊடக வழக்கு’ தீர்ப்பு பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. படுகொலைக்கு இலக்கான டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று ஓயாமல் ஏசிய ஒரு வானொலியையும் ஒரு பத்திரிகையையும் சேர்ந்த மூவர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். கையில் ஆயுதம் எடுக்காமலே ஆயிரக்கணக்கானோரின் சாவுக்குக் காரணமாக முடியும் என்று தீர்ப்பு கூறியது. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. ஆனால் மூவரும் குற்றவாளிகள்தான் என்பது நிலைத்தது.

பிறகு ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். இந்தப் பதவியில்தான் அவர் நம் ஊர்ச் சுவரொட்டிகளுக்குள் வந்தார். 2009 மார்ச்சில், இலங்கையின் வன்னிப் போரில் ராணுவமும் விடுதலைப் புலிகளும் செய்வது போர்க்குற்றமாகக்கூடும் என்று எச்சரித்தார். 2013 மார்ச்சில் ஈழத் தமிழருக்கு நீதி கேட்டு லயோலா கல்லூரி மாணவர் எட்டுப் பேர் தொடங்கிய உண்ணாவிரதம் தமிழகக் கல்லூரிகளெங்கும் பற்றியபோது, எல்லோர் பார்வையும் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடும் ஜெனீவா மேல். தமிழ் ரத்தம், நமக்காகப் பேசுவார் என்பது இங்கே பலரின் எண்ணம். கொழும்பில் அதே எண்ணம் வசையாக மாறியது. ஐ.நா.வுக்குள் இருக்கும் பெண் புலி என்றார்கள்.

2013 ஆகஸ்டில் இலங்கை சென்ற அவர் முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று நேரில் பார்த்தார். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைச் சந்தித்தார். கொழும்பை விட்டுக் கிளம்பும் முன் நிருபர்களிடம், புலி என்ற வசை தன்னை மிகவும் புண்படுத்துகிறது, நான் தென்னாப்பிரிக்கர், அதில் பெருமைப்படுகிறேன் என்றார். நாடு சர்வாதிகாரப் போக்கில் செல்கிறது என்று அரசைச் சாடினார். விடுதலைப் புலிகள் ஒரு கொலைகார அமைப்பு என்றும் சொன்னார். 1999-இல் அவர்களால் கொல்லப்பட்ட தமிழ்ச் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வத்தை நினைவுகூர்ந்தார். இங்கே பலருக்கு அது கசந்தது.

கசந்தாலும், அவருடைய பலம் அங்கேதான் இருந்தது. ஒரு தரப்பின் குற்றத்தை மட்டும் எண்ணியிருந்தால், தமிழச்சி அப்படித்தான் பேசுவாள் என்று உலகம் ஒதுக்கியிருக்கும். 2014 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, முழு விசாரணை நடத்தும் பொறுப்பை அவருடைய அலுவலகத்திடமே கொடுத்தது. வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது.

அதே அளவுகோலைத்தான் பின்னர் பாலஸ்தீனம் தொடர்பான ஐ.நா. விசாரணைக் குழுவின் தலைவராகவும் கையில் எடுத்தார். இஸ்ரேலும் ஹமாஸும் போர்க்குற்றம் புரிந்தன என்று 2024-இல் அறிக்கை. காசாவில் இஸ்ரேல் செய்வது இனப்படுகொலை என்று 2025 செப்டம்பரில் மற்றொன்று. அவ்வாண்டின் சிட்னி அமைதிப் பரிசும் அவரைத் தேடி வந்தது. நியாயம் சொல்பவரை எந்தத் தரப்பும் முழுதாகச் சொந்தம் கொண்டாட முடியாது. அப்படிப்பட்டவர் சொன்னால்தான் நம் பக்க நியாயமும் எடுபடும்.

அடுத்த வாரம்: அணு ஆயுதம் எந்தச் சூழலிலும் சட்டவிரோதமே என்று 1996-இல் சர்வதேச நீதிமன்றத்தில் சக நீதிபதிகளோடு முரண்பட்டு மறுப்புக் கருத்து எழுதிய கொழும்புக்காரர், வீரமந்திரி.

(தொடரும்)