கண் பரிசோதனையும் குழந்தையும்

கண் வைத்தியரிடம் குழந்தையை அழைத்துச் செல்லுமுன், வீட்டிலேயே ஒரு விளையாட்டைப் பழக்குவது பல நாடுகளில் வழக்கமாயுள்ளது. மூன்று கால்களையுடைய 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தைக் கடதாசியில் வெட்டி, மேலும் கீழும் இடமும் வலமுமாகத் தாய் திருப்பிக் காட்டுவாள். கால்கள் நோக்கும் திசையைக் குழந்தை தன் விரல்களால் காட்டும். எழுத்தின் பெயரை அது அறியவேண்டியதில்லை. இச்சிறு விளையாட்டை வந்தடைய வைத்தியவுலகுக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஜேர்மனியில் டாம்ஸ்ராட் நகரத்து வைத்தியர் கியூக்லர் என்பார், 1836ஆம் ஆண்டில், நூல்களிலும் பஞ்சாங்கங்களிலுமிருந்து பீரங்கி, பறவை, ஒட்டகம், தவளை முதலிய படங்களைக் கத்தரித்து, பெரியன மேலும் சிறியன கீழுமாக ஒட்டிப் பார்வையை அளக்க முயன்றார். குழந்தைக்கு இதனினும் இனிய சோதனை வேறில்லை எனலாம். ஆயினும் ஒட்டகத்தை அதன் திமிலே காட்டிக்கொடுத்துவிடும், தவளைக்கோ அவ்வசதியில்லை. ஆகவே அளவு பிழைத்தது. 1843இல் அவரே படங்களைக் கைவிட்டு எழுத்துக்கு மாறினார்.

அளவைச் செம்மைப்படுத்தியவர் ஒல்லாந்து நாட்டின் யூட்ரெக்ட் நகரத்துக் கண் வைத்தியர் ஹேர்மன் ஸ்நெலென். அவர் 1862இல் வெளியிட்ட அட்டையில் ஒவ்வோரெழுத்தும் ஐந்துக்கு ஐந்தான கட்டங்களில் அடங்கியது. குறித்த தூரத்தில் நிற்பவரின் கண்ணில் எழுத்து முழுவதும் ஐந்து கலை கோணத்தையும், அதன் ஒரு கோடு ஒரு கலையையும் அமைக்கும். பாகையின் 60இல் ஒரு பங்கே கலை. 6 மீற்றர் தூரத்துக்குரிய எழுத்தின் உயரம் 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. உலகெங்கும் சுவர்களில் தொங்கும் அட்டைக்கு இதுவே மூலம். ஆனால் எழுத்தறியாதவருக்கு அது ஊமைப் பலகை. அக்குறையை நீக்கவே நாற்றிசையும் திரும்பும் 'ஈ' வழங்கலாயிற்று. 1888இல் லண்டோல்ற் என்பார் ஒரு பக்கம் பிளவுபட்ட வளையத்தை அமைத்தார்.

இவ்வளவு முயற்சியும் எதற்காக? பார்வை குறைந்த குழந்தை அதனை முறையிடுவதில்லை. பிறந்தது முதல் மங்கலையே கண்ட குழந்தை, எல்லோரும் அவ்வாறே காண்கின்றனர் என்றெண்ணும். கரும்பலகை தெரியாதவன் மந்தன் எனப் பெயர் பெற்று வாங்கில் ஏறி நின்ற கதைகள் எந்த நாட்டுப் பாடசாலைக்கும் புதியன அல்ல. பிறெஸ்லாவு நகரத்துக் கண் வைத்தியர் ஹேர்மன் கோன் 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்து 1867இல் முடிவை வெளியிட்டார். கிராமப் பாடசாலைகளில் அரிதாயிருந்த கிட்டப்பார்வை, உயர் பாடசாலைகளில், அதிலும் மேல்வகுப்புகளில் மிகுந்திருந்தது. அவர் வாங்குகளின் அமைப்பையும் வகுப்பறையின் மங்கிய ஒளியையும் குறைகூறினார். குழந்தை வெளியொளியில் கழிக்கும் நேரமும் இதில் முக்கியமானதென்று பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது.

காலந்தாழ்த்தினால் மீளாத குறையும் ஒன்றுண்டு. ஒரு கண் மாறுகண்ணாகவோ மங்கலாகவோ இருந்தால், மூளை அதனை மெல்லப் புறக்கணித்து மற்றக் கண்ணையே நம்பிவிடும். நல்ல கண்ணை மூடி, தளர்ந்த கண்ணுக்கு வேலை கொடுக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பூபோன் 1743இலேயே எடுத்துரைத்தார். அம்மருத்துவம் ஏழெட்டு வயதுக்குமுன் நன்கு பலிக்கும். பின்னர் பலன் குறைந்துகொண்டே செல்லும். எழுத்துப் படிக்குமுன்னரே சோதிக்கவேண்டிய அவசியம் இதனாலேயே எழுந்தது.

குழந்தையின் விடையே வேண்டாத வழியும் பிறந்தது. 1873இல் பிரான்சு தேசத்துக் குய்ஞே என்பவர், கண்ணுள் ஒளியைச் செலுத்தி, அது அசையும் விதத்தால் கண்ணின் ஒளிமுறிவுக் குறையை அறியும் முறையை விவரித்தார். ஆயினும் இளங்கண் அடிக்கடி தன் குவியத்தை மாற்றுவதால், அதனை ஓய்வுறுத்தத் துளிமருந்து விடவேண்டும். அத்திரோப்பீன் விட்ட கண் ஒரு வாரத்துக்கு மேலும் கூசும், எழுத்து மங்கும். 1950களில் ஒரு நாளளவில் தெளியும் மருந்து வந்தது. "ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்று சொல்லிக் கூட்டிச்செல்லப்பட்ட குழந்தை, முதல் துளி எரிந்தவுடன் வைத்தியரையும் தாயையும் ஒருங்கே நம்பாமல் கண்ணை இறுக மூடிக்கொள்கிறது. "சற்று எரியும், பின் நின்றுவிடும், வெயில் கூசும்" என்று முன்னரே உள்ளபடி சொல்லப்பட்ட குழந்தையிடம் வேலை எளிது.

மழலை பேசும் பருவத்தையும் எட்டியவர் இங்கிலாந்தின் மேரி ஷெரிடன் அம்மையார். 1960ஆம் ஆண்டளவில் அவர் வகுத்த முறையில், குழந்தையின் கையில் ஓர் அட்டை இருக்கும். தூரத்தில் காட்டப்படும் எழுத்துக்கு ஒத்ததை அது தொட்டுக்காட்டினாற் போதும். இன்னும் சிறியோருக்கு விளையாட்டுப் பொருள்களையும் உருளும் பந்துகளையும் பயன்படுத்தினார். 1976இல் பின்லாந்தின் லேயா ஹைவரினன் அம்மையார் வட்டம், சதுரம், வீடு, அப்பிள் என்னும் நான்கு உருவங்களை அமைத்தார். மங்கும்போது நான்கும் ஒரேவிதமாய் மங்கும்படி அவை வரையப்பட்டன. கியூக்லரின் ஒட்டகம் செய்த பிழை இங்கே நேராது.

இவ்வுருவங்களுக்குக் குழந்தை இட்ட பெயரையே வைத்தியரும் ஏற்றுக்கொள்வது வழக்கம். அப்பிளை இருதயம் என்று சொல்லும் குழந்தைகளும் உண்டு. சோதனை முடியும்வரை அது இருதயமாகவே இருந்துவிடுகிறது.