டன்னுக்கு ஒரு ரூபாய்: மாவூர் மூங்கிலும் மானியத்தின் அரசியலும்

1991க்குப் பிறகு 'மானியம்' என்பது கெட்ட வார்த்தையாகிவிட்டது. ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், உரம் என்று ஏழைபாழைகளின் கைக்கு வருவதெல்லாம் மானியம், அரசுக்குச் சுமை, வெட்டப்பட வேண்டியது. காட்டை மொத்தமாகக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தால் மட்டும் அதற்குப் பெயர் மானியம் இல்லை, ஒப்பந்தம். இன்னும் கொஞ்சம் கௌரவமாகச் சொன்னால், வளர்ச்சி. இந்தப் பெயர்மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மாவூரின் கதை உதவும்.

1957இல் கேரளத்தில் ஆட்சிக்கு வந்த இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு, தொழில் இல்லாத மாநிலத்துக்குத் தொழில் வேண்டுமென்று பிர்லாவை அழைத்தது. 1958இல் குவாலியர் ரேயான்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில், சாலியாற்றங்கரையில் இருக்கிற மாவூரில் கூழ் ஆலை எழுந்தது. 1963இல் உற்பத்தி தொடங்கியது. ஆலைக்கு அரசு கொடுத்த காட்டு மூங்கிலின் விலை டன்னுக்கு ஒரு ரூபாய். அதாவது கிலோவுக்குப் பத்தில் ஒரு பைசா.

இந்த விலை எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் காலத்து வனத்துறைக்கு மூங்கில் ஒரு களை. 1840களில் நிலம்பூரில் கானலி தேக்குத் தோட்டம் போட்ட நாளிலிருந்து காடு என்றால் தேக்கு. மற்றதெல்லாம் அதற்கு இடைஞ்சல். களைக்கு யார் விலை போடுவார்கள்? ஆனால் கூடை முடைகிறவனுக்கு அது பிழைப்பு, யானைக்குத் தீனி. மூங்கில் பூத்துச் சாகிற வருஷத்தில் ஆதிவாசிகளுக்கு அதன் அரிசி சோறு. இந்தக் கணக்கெல்லாம் வனத்துறைப் பேரேட்டில் ஏறவே இல்லை. ஏறாததால்தான் ஒரு ரூபாய் 'விலை' ஆயிற்று.

ஒப்பந்தத்தில் இன்னொரு சரத்தும் உண்டு. 60 வருஷத்துக்குத் தனியார் காடுகளைக் கையகப்படுத்தச் சட்டம் கொண்டுவர மாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. கம்பெனி நிலம்பூர் கோவிலகத்திடமிருந்து சுமார் 30,000 ஏக்கர் காட்டை வாங்கிப்போட்டது. நிலச்சீர்திருத்த மசோதா கொண்டுவந்த அதே அரசுதான் இந்த வாக்கையும் கொடுத்தது. மூங்கில் விலையைவிட இது பெரிய மானியம் என்பேன். சட்டத்தின் வாயையே கட்டிப்போட்ட மானியம். 1971இல் தனியார் காடுகளை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தபோது கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. இப்படியொரு வாக்குறுதி சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1973இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூங்கில் குறைந்ததும் அடுத்த கட்டம். வயநாடு உள்ளிட்ட இடங்களில் இயற்கைக் காட்டை மொட்டையடித்து, கூழுக்காக யூகலிப்டஸ் நட்டது வனத்துறை. வெட்டியதும் பொதுக்காடு, நட்டதும் பொதுப்பணம்.

"எல்லாம் சரி, தொழிலாளி என்ன செய்வான்?" என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1985இல் கூலித் தகராறில் ஆலை மூடப்பட்டு மூன்று வருஷம் பூட்டியே கிடந்தது. குடும்பங்கள் பட்டினி கிடந்தன, தற்கொலைகளும் நடந்தன. 'குரோ' தொழிற்சங்கத்தின் வாசு உண்ணாவிரதம் இருந்தார். 1988இல் ஆலை திறந்தது. சாலியாற்று மீன் சாகிறது, கரையோரத்து மக்களுக்கு நோய் வருகிறது என்று பேசியவர்களோ தொழிலாளர் விரோதிகள் ஆனார்கள். 2001இல் ஆலை ஒரேயடியாக மூடப்பட்டது.

மானியத்தை எதிர்த்தால் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும் என்கிற வாதத்துக்கு மாவூர் தரும் பதில் இதுதான்: மானியம் தொழிலாளியைக் காப்பாற்றவில்லை. காட்டுக்கு உரிய விலை கொடுக்காமல், அதை மீண்டும் வளர்க்கும் செலவையும் பொதுப்பணத்தின் தலையில் கட்டியவனுக்கு, விட்டுப்போகும்போது இழக்க என்ன இருக்கிறது? ஆதிவாசியும் ஆலைத் தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். இரண்டு பேரிடமிருந்தும் எடுத்தது ஒரே கை.

நாளைக்கு ஒரு காடு ஏதோ ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தமாகிறபோது எத்தனை பேருக்கு வேலை என்று கேட்போம். கூடவே, டன் என்ன விலை, அதைப் போட்டது யார், மூங்கிலரிசி பொறுக்கியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதையும் கேட்டாக வேண்டும்.