ஆங்கில டிரைபாஸ், கேம்பிரிட்ஜ்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தை இளங்கலை நிலையில் பயில்வோருக்குரிய பாடத்திட்டமும் தேர்வும் ஆங்கில டிரைபாஸ் எனப்படும். டிரைபாஸ் என்பது அங்குச் சிறப்புநிலைப் பட்டத்துக்கான தேர்வைக் குறிக்கும் வழக்கு. இலண்டனில் 1828-இலேயே ஆங்கிலம் பல்கலைக்கழகப் பாடமாகியிருந்தது. ஆக்ஸ்போர்டு 1894-இல் அதற்குத் தனித்துறை கண்டது. கேம்பிரிட்ஜிலோ பிறமொழித் தேர்வின் ஒரு பகுதியாகவே இருந்துவந்த அது, பேராசிரியர் ஆர்தர் குயில்லர்-கூச் முதலியோரின் முயற்சியால் 1917-இல்தான் தனித் தேர்வாயிற்று. பழைய ஆங்கிலத்தையும் மொழிநூலையும் கட்டாயமாக்கிய ஆக்ஸ்போர்டு முறையிலிருந்து விலகி, இலக்கியத் திறனாய்வுக்கு இது முதன்மை தந்தது.

அத்திறனாய்வுக்குப் பயிற்சி முறையொன்றை வகுத்தவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். 1920-களில் அவர் ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் நீக்கிய கவிதைகளை மாணவருக்கு வழங்கி, ஒரு வாரம் படித்தபின் அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஜான் டன், ஹாப்கின்ஸ் ஆகியோரின் கவிதைகளிலேயே பலர் தடுமாறினர் என்பது, நல்ல கல்வி பெற்றவர்களும் கவிஞரின் புகழை நம்பியே கவிதையை மதிப்பிட்டுவந்தனர் என்னும் சங்கடமான உண்மையை வெளிக்கொணர்ந்தது. 13 கவிதைகளைப் பற்றிய இவ்வாய்வு 1929-இல் நூலாக வெளிவந்தது. பெயரறியாப் பகுதியொன்றின் சொல், தொனி, ஓசை ஆகியவற்றை மட்டும் கொண்டு அதனை விளக்கும் இம்முறை செயல்முறைத் திறனாய்வு எனப் பெயர்பெற்றுத் தேர்வுத்தாளாகவும் நிலைபெற்றது. கணிதத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி ரிச்சர்ட்ஸிடம் பயின்ற வில்லியம் எம்ப்சன், மாணவப் பருவத்தில் தொடங்கிய ஆய்வையே விரித்து, கவிதையின் பொருள்மயக்கத்தை ஏழு வகையாகப் பகுக்கும் நூலை 1930-இல் வெளியிட்டார். கிரேக்க நாடகம் முதல் தற்காலம் வரை தழுவும் துன்பியல் தாளும் இப்பாடத்திட்டத்தின் மற்றோர் அடையாளமாகும்.